ஆறு வருடமாகக் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வருமா? உடனே நிறுத்திவிடவா?

நிறுத்துவது பற்றி அப்புறம் பேசலாம். கடைசியாக எப்போது கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டீர்கள்? கேள்வியில் அதைப் பற்றி எதுவும் இல்லை. மாத்திரையைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நானும் பல வருடம் மாத்திரை எடுத்தவள், இதே பயம் எனக்கும் வந்தது. அப்போது தேடிப் படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் பயம் வெறும் வதந்தியால் வந்ததல்ல. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரைகளை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 24 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். 5 வருடத்துக்கு மேல் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. படித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: 20 வயதில் தொடங்கி 10 வருடம் எடுத்தால், வளரும் நாடுகளில் 50 வயதுக்குள் இந்த நோய் வருபவர்கள் ஆயிரத்துக்கு 7.3-லிருந்து 8.3 ஆகிறார்கள். அதாவது ஆயிரம் பேரில் ஒருவர் கூடுதல். நிறுத்திய பிறகு ஆபத்து குறைந்துகொண்டே வந்து, 10 வருடத்தில் மாத்திரையே எடுக்காதவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது.

இந்த நோய்க்கு மூல காரணம், உடலுறவு வழியாகத் தொற்றும் எச்பிவி என்ற வைரஸ். பெரும்பாலோருக்கு அது ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய இடத்தில்தான் செல்கள் மாறுகின்றன. நீண்டகால ஹார்மோன் அந்த மாற்றத்துக்குத் துணைபோகிறது என்று கருதுகிறார்கள். நல்லவேளையாக, அது புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும். அதற்குள் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்ஐவி உள்ளவர்கள் 25-லேயே தொடங்கி, இன்னும் குறைந்த இடைவெளியில் செய்ய வேண்டும்.

சரி, நிறுத்தலாமா? பரிசோதனை முடிவு நன்றாக இருந்தால், இந்த ஒரு பயத்துக்காக நிறுத்த வேண்டாம் என்பேன். இதே மாத்திரை சினைப்பை, கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களின் ஆபத்தைக் குறைக்கிறது, நிறுத்திய பிறகும் பல வருடம் அந்தப் பலன் நீடிக்கிறது. எச்பிவி இருப்பதாக வந்தால் அல்லது புகைப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். ஹார்மோனே வேண்டாம் என்று தோன்றினால், கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி இருக்கிறது. மாற்று வழி கைக்கு வராமல் மட்டும் திடீரென்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை எடுக்கும்போது இடையிடையே லேசாக ரத்தம் படுவது சகஜம். அதனாலேயே எல்லா ரத்தக் கசிவையும் மாத்திரையின் தலையில் போட்டுவிடுகிறோம். உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தாலோ, போன பரிசோதனை நன்றாக இருந்ததே என்று காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.