கனவில் ஓங்கும் கை: தூக்கக் கோளாறு பற்றிய கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: தூக்கத்தில் கத்துவது, உதைப்பது, அடிப்பது. எழுதியவர்களில் அடித்தவர்கள் குறைவு, அடிவாங்கியவர்களே அதிகம்.

ஒரு கடிதம் இப்படி: என் வீட்டுக்காரர் தோட்டத்தில் தண்டலாக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. பகலில் பரம சாது. விடியற்காலையில் கத்துகிறார், உதைக்கிறார். போன வாரம் விட்ட குத்தில் என் உதடு கிழிந்துவிட்டது. எழுப்பிக் கேட்டால் காட்டுப்பன்றியை விரட்டினாராம். முனியாண்டி கோயிலில் கயிறு கட்டச் சொல்கிறார் நாத்தனார்.

கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டிய கையோடு கிளினிக்குக்கும் அழைத்து வாருங்கள்.

நாம் அதிகமாகக் கனவு காணும் நேரத்துக்கு ரெம் உறக்கம் என்று பெயர். அப்போது மூளைத்தண்டு கைகால் தசைகளை அசையவிடாமல் கட்டிவைக்கும். மூச்சும் கண்ணசைவும் மட்டும் நடக்கும். அந்தக் கட்டு தளர்ந்துவிட்டால் கனவில் விடும் உதை நிஜமாகவே விழும். 1965இல் பிரான்சின் லியோன் நகரில் ஆய்வாளர் மிஷெல் ஜுவே பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அவை தூங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. மனிதரிடம் இதைத் தனி நோயாக 1986இல் விவரித்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் குழுவினர். ரெம் உறக்க நடத்தைக் கோளாறு என்கிறோம்.

விடியல் நெருங்க நெருங்க ரெம் உறக்கம் நீளும். அதனால்தான் உங்கள் வீட்டிலும் கலாட்டா அந்த நேரத்தில் நடக்கிறது. கண் மூடியிருக்கும், எழுப்பினால் சட்டென்று தெளிந்து கனவைக் கோவையாகச் சொல்வார். மனதுக்குள் வைத்திருந்த கோபம்தான் இப்படி வெளிவருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதுவான மனிதர்கள் கனவில் அடிதடியில் இறங்குவது இந்த நோயில் வழக்கமான சங்கதி.

இன்றிரவே செய்ய வேண்டியது: நீங்கள் தனியாகப் படுங்கள். அவருடைய மெத்தையைத் தரையில் போடுங்கள். கண்ணாடி மேசை, மேசை விசிறி எல்லாம் கைக்கெட்டாத தூரத்துக்குப் போகட்டும். கட்டிலுக்கடியில் பாராங் (நீண்ட வெட்டுக்கத்தி) வைத்துத் தூங்கும் பழக்கம் தோட்டத்தில் பலருக்கு உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் அதை வெளியே கொண்டுபோய்ப் பூட்டி வையுங்கள். அவர் புரளும்போது கையைப் பிடித்து அமுக்க வேண்டாம், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முடிந்தால் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்து, மணியையும் குறித்து வையுங்கள். டாக்டரிடம் அவரை மட்டும் அனுப்பாதீர்கள். தூங்கியவருக்கு எதுவும் தெரியாது, சாட்சி நீங்கள்தான்.

எட்டு வயது மகன் படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து கூடத்தில் நடக்கிறான். காலையில் ஒன்றும் நினைவில்லை. இதே நோயா?

இல்லை. அது தூக்கத்தில் நடப்பது. முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் வருவது, பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். வாசல் கதவைப் பூட்டி வையுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு என் அக்காள் கணவருக்குத் தூக்கத்தில் கைகால் ஆடுகிறது. வயது 41. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. மனச்சோர்வு மாத்திரைகளில் பல வகைகள் இந்தக் கோளாறைத் தூண்டிவிடக்கூடியவை, இளவயதினரிடம் அதுவே முக்கியமான காரணம். மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் முடிவு செய்யட்டும். திடீரென்று நிறுத்தினால் பழைய சோர்வு இரட்டிப்பாகத் திரும்பக்கூடும்.

குறட்டைக்கு வீட்டிலேயே கருவி மாட்டிச் சோதிக்கிறார்களே, அது போதாதா? எங்கே போவது?

போதாது. வீட்டுக் கருவி மூச்சை அளக்கும். நமக்குத் தேவை ரெம் உறக்கத்தில் தசை தளர்கிறதா என்ற விவரம். அதற்கு ஓர் இரவு மருத்துவமனையில் படுத்து, தலையிலும் மோவாயிலும் கால்களிலும் உணரிகள் ஒட்டி, கேமராவையும் ஓடவிட வேண்டும். முழு விடையும் மோவாயில் ஒட்டும் அந்தக் கம்பியில் இருக்கிறது.

சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். மூச்சடைத்துத் திணறும் குறட்டைக்காரர்களும் அச்சாக இப்படியே உதறுவார்கள். அவர்களுக்கு மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சீபேப் கருவி போட்டால் உதறல் அடங்கிவிடும். சோதிக்காமல் உதறலை அடக்கும் குளோனசெபாம் என்ற மயக்க மாத்திரையைக் கொடுத்தால் மூச்சுத்திணறல் மோசமாகலாம்.

உங்கள் அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பொது மருத்துவமனைக்குப் போங்கள். குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்). தூக்கச் சோதனைக்கு எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் சொல்வார்கள், கோலாலம்பூர் போக வேண்டிவரலாம்.

மருந்து சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோமா?

மெலடோனின், குளோனசெபாம் இரண்டும்தான் அதிகம் பயன்படுபவை. இரண்டில் மெலடோனின் சாது. வயதானவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் யோசிப்பேன். குளோனசெபாம் பழக்கமாகலாம், இரவில் எழும்போது தள்ளாடி விழவைக்கலாம், மறதி உள்ளவர்களுக்கு ஆகாது. இரண்டையும் இணையத்தில் வாங்காதீர்கள்.

அப்பாவுக்கு இந்தக் கோளாறு. பின்னால் பார்க்கின்சன் (கைகால் நடுங்கி நடை தளரும் நரம்பு நோய்) வரும் என்று டாக்டர் சொன்னார். அப்பா அன்றிலிருந்து சாப்பிடுவதில்லை. உண்மையா?

ஒரு பங்கு உண்மை. அதைப் போட்டு உடைத்த விதம் சரியில்லை. எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று நோயாளியை முதலில் கேட்க வேண்டும். சிலர் கேட்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், இரண்டுமே நியாயம்.

கணக்கு இது. 2019இல் கனடா நரம்பியல் மருத்துவர் ரொனால்ட் போஸ்டுமா தலைமையில் 24 மையங்கள் சேர்ந்து 1,280 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு பேர் அளவில் பார்க்கின்சன் அல்லது லூயி பாடி மறதி நோய் போன்ற ஒன்றுக்குள் போனார்கள். 12 ஆண்டு முடிவில் அது முக்கால் பங்கை நெருங்கியது. ஆல்ஃபா-சைனியூக்ளின் என்ற புரதம் மூளையில் தப்பாக மடிந்து சேர்வதுதான் பொதுவான வேர். பெரிய எண்தான், மறைக்கவில்லை. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் பெரும்பாலானோர் அப்படியே இருக்கிறார்கள். மாத்திரையால் வந்த கோளாறுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தவும் முடியாது.

கருவாடு பொரிக்கும் வாசம் மூக்கில் ஏறுகிறதா, மலச்சிக்கல் உண்டா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, நடையில் ஒரு கை வீசாமல் நிற்கிறதா என்று முன்னறிகுறிகளை ஆண்டுக்கொருமுறை நரம்பியல் மருத்துவர் பார்க்கட்டும். அப்பாவைத் தினமும் வேகமாக நடக்கச் சொல்லுங்கள். முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் முகமூடி இல்லாமல் மருந்தடித்தவள் நான். இப்போது எனக்கும் தூக்கத்தில் உதறல். பாராகுவாட் என்ற களைக்கொல்லிதான் காரணமா?

உங்கள் ஒருவரைக் காட்டி ஆம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் வீணானதல்ல. 2012இல் வெளியான, பல நாடுகளில் நடந்த ஓர் ஒப்பீட்டில், இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் பூச்சிமருந்துத் தொடர்பும், விவசாய வேலையும், தலையில் அடிபட்ட வரலாறும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. பாராகுவாட்டைப் பார்க்கின்சனோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகளும் உண்டு. நம் நாட்டில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை. மருந்துத் தோம்பை முதுகில் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம், டாக்டர்களோ தொழில் என்ன என்றே கேட்பதில்லை. நீங்களாகச் சொல்லுங்கள்: எந்த மருந்து, எத்தனை ஆண்டு, உடம்பில் வழிந்ததா என்று. பெண்களுக்கு இந்த நோய் குறைவு என்று உங்களை ஒதுக்கிவிடவும் விடாதீர்கள். பெண்களின் உதறல் மென்மையாக இருப்பதால் கண்ணில் படாமல் போவதுண்டு.

பார்க்கின்சன் வராமல் தடுக்க மருந்து உண்டா? ஆய்வில் சேரலாமா?

தடுப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று இல்லை. அதைத் தேடத்தான் வட அமெரிக்காவில் நாப்ஸ் என்ற கூட்டமைப்பு 2018 முதல் இந்தத் தூக்கக் கோளாறு உள்ளவர்களைச் சேர்த்து வருகிறது. மோப்பம், நடை, நினைவாற்றல், ரத்தம் எல்லாம் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். முதுகுத்தண்டு நீரிலும் தோல் துணுக்கிலும் ஆல்ஃபா-சைனியூக்ளின் புரதத்தைக் கண்டறியும் சோதனைகளும் வந்துவிட்டன. இங்கே விருப்பம் உள்ளவர்கள் போதனா மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நல்ல ஆய்வு உங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கும், எப்போது வேண்டுமானாலும் விலகவிடும். ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறோம், ஆய்வில் சேர முன்பணம் கட்டுங்கள் என்றால் பேச்சைக் கேட்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.