நெட்டுரு போட்டாரா, நாமம் போட்டாரா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் தச்சர் குவின்ஸ், நடிகர்களிடம் அவரவர் வசனத்தைக் கொடுத்து, நாளை இரவுக்குள் ‘கான்’ (con) செய்யச் சொல்கிறார். ஆங்கிலத்தில் ‘கான்’ என்றால் ஏமாற்றுவதாச்சே, வசனத்தை எப்படி சார் ஏமாற்றுவது?

பதில்: ஏமாற்ற வேண்டாம், நெட்டுரு போட்டால் போதும். அது பழைய வினை; ‘முடியும்’ என்கிற ‘கேன்’ (can) அதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்றால் அறிதல். அறிதல் கற்றலாகி, கற்றல் மனப்பாடமாயிற்று. இன்று பேச்சில் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: அப்போ நாமம் போடுகிற ‘கான்’?

பதில்: அதற்குக் காரணம் ஒரு கடிகாரம். 1840களில் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்றொரு ஆசாமி. கனவான் மாதிரி உடுத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் பழகிய முகம்போலப் பேச்சுக் கொடுப்பார். பேச்சு சூடுபிடித்ததும், “நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்க என்மேல் நம்பிக்கை இருக்கிறதா?” என்பார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்! 110 டாலர் தங்கக் கடிகாரத்தைப் பறிகொடுத்த ஒருவர் 1849 ஜூலையில் அவரைத் தெருவில் பார்த்துவிட, போலீஸ் பிடித்தது. பத்திரிகையில் ‘கான்ஃபிடன்ஸ் மேன்’, அதாவது ‘நம்பிக்கை ஆசாமி’ என்று போட்டார்கள். அது சுருங்கி ‘கான் மேன்’ ஆனது. அதிலிருந்து கொச்சையாக இந்த வினை.

கேள்வி: தந்திரம் என்கிற ‘கன்னிங்’கும் (cunning) இதே குடும்பம்தானே?

பதில்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘கன்னிங்’ படிக்கிற ‘கானின்’ சொந்தம். முதலில் அறிவு, திறமை என்றுதான் பொருள். பிறகுதான் கள்ளத்தனம் ஏறியது. ஏமாற்றுகிற ‘கானுக்கும்’ அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கேள்வி: இரண்டும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. படிக்கும்போது எப்படிப் பிரிப்பது?

பதில்: செயப்படுபொருளைப் பாருங்கள். பாடம், வசனம், புத்தகம் என்றால் படிப்பு. ஆள் என்றால் மோசடி. பின்னால் ‘அவுட் ஆஃப்’ (out of) போட்டுப் பணமும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: நீர்மூழ்கிக் கப்பலில் ‘கானிங் டவர்’ (conning tower) என்றொரு கோபுரம் இருக்கிறதே, அங்கே படிக்கிறார்களா, ஏய்க்கிறார்களா?

பதில்: இரண்டுமில்லை, கப்பல் போகும் திசைக்கு உத்தரவு போடுகிறார்கள். அது பிரெஞ்சிலிருந்து வந்த மூன்றாவது ஆள்.