கப் அளவை கிராமுக்கு மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 1 கப் என்றால் எத்தனை கிராம்? ஒரே ஒரு எண் சொல்லுங்கள், மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்.

பதில்: அப்படி ஒரு எண் இருந்தால் எனக்கும் வேலை மிச்சம். கப் அளப்பது இடத்தை, தராசு காட்டுவது எடையை. அதே 240 மில்லி கப்பில் தண்ணீர் என்றால் 240 கிராம், சர்க்கரை என்றால் சுமார் 200, தேன் 340 வரை போகும், கோகோ பவுடரோ 85 கிராம் அளவில் நின்றுவிடும். என்ன பொருள் என்று சொன்னால்தான் எடை சொல்ல முடியும்.

கேள்வி: மைதா 1 கப் ஓரிடத்தில் 120 கிராம், இன்னோரிடத்தில் 150 என்று இருக்கிறதே, எது தப்பு?

பதில்: இரண்டுமே தப்பில்லை, அள்ளுகிற கைதான் வேறு. ஸ்பூனால் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பில் போட்டு, அமுக்காமல், தட்டாமல், கத்தியின் முதுகால் மேலே வழித்துத் தலைதட்டினால் 120லிருந்து 125க்குள் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு வாரினால் மாவு தானாகவே அமுங்கி 140, 150ஐத் தொட்டுவிடும். 3 கப் கேட்கும் கேக்கில் இப்படி வாரிப் போட்டால் அரை கப்புக்கும் மேல் மாவு கூடிப்போகிறது, அப்புறம் கேக் கல் மாதிரி இறுகிவிட்டது என்று ஓவனைத் திட்டி என்ன பயன்? செய்முறையில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நான் 125 என்றுதான் எடுப்பேன். இன்னொன்று, ‘சலித்த மைதா 1 கப்’ என்று இருந்தால் சலித்த பிறகு அளக்க வேண்டும், அதன் எடை இதைவிடக் குறைவு.

கேள்வி: என் கப் 250 மில்லி. அமெரிக்கச் செய்முறைக்குப் போதுமா?

பதில்: அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் பெரிதாகக் கெடாது, ஆனால் முட்டை மட்டும் கப்போடு சேர்ந்து பெரிதாகாதே! டேபிள்ஸ்பூனையும் பாருங்கள்: பெரும்பாலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

கேள்வி: பாலுக்கும் எண்ணெய்க்கும் மில்லியும் கிராமும் ஒன்றுதானே?

பதில்: பாலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், 240 மில்லி 247 கிராம். எண்ணெய் லேசானது, அதே அளவு 220 கிராம்தான் வரும். தேனைக் கப்பில் அளக்கவே அளக்காதீர்கள், பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கி, நேராக ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: வெண்ணெய் 1 கப்?

பதில்: 227 கிராம். உருக்கினாலும் அதே எடைதான்.

கேள்வி: கால் டீஸ்பூன் சமையல் சோடா போட்டால் என் தராசு 0 காட்டுகிறது, கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை. அது ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் 1 கிராம் படியில் காட்டும் வீட்டுத் தராசு அதைக் கண்டுகொள்ளாமலே விடலாம். சோடா, ஈஸ்ட் எல்லாம் குறைந்த அளவில் ஸ்பூன் கணக்கே நல்லது. உப்பு வேறு கதை: நைஸ் உப்பு 1 டீஸ்பூன் 6 கிராம், பெரிய செதில் உப்பு அதில் பாதிதான் இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவதானால் எடை பாருங்கள்.

கேள்வி: 8 அவுன்ஸ் மாவு என்றால் 1 கப் தானே?

பதில்: இல்லவே இல்லை. திரவ அவுன்ஸ் வேறு, எடை அவுன்ஸ் வேறு. தண்ணீர் 8 திரவ அவுன்ஸ் என்றால் 1 கப், சரி. மாவில் 8 அவுன்ஸ் என்பது 227 கிராம், கிட்டத்தட்ட 2 கப்.

கேள்வி: மாற்றித் தரும் ஆப்களை நம்பலாமா?

பதில்: முதலில் 1 கப் மைதா என்று போட்டுப் பாருங்கள். 240 கிராம் என்று வந்தால் அது எல்லாவற்றையும் தண்ணீராகவே கணக்குப் போடுகிறது, உடனே அழித்துவிடுங்கள்.