அலுவலகக் கட்டடத்தில் மின்சாரம் எங்கே வீணாகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் அலுவலகத்தின் மின் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

இரவிலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 60 மணி நேரம் வேலை நடந்தாலும் மீதி 108 மணி நேரம் கட்டடம் காலிதான். கடைசி ஆள் கிளம்பியதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் வருவதற்கு முன் மறுபடி குறியுங்கள். இடையில் ஓடிய யூனிட்டை மணிக்கணக்கால் வகுத்தால் இரவு லோடு எத்தனை கிலோவாட் என்று தெரிந்துவிடும். சர்வர், பாதுகாப்பு விளக்குகள் போல நிற்கக் கூடாதவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குக் காரணம் தேடுங்கள். ஒரே ஒரு கிலோவாட் ஓயாமல் ஓடினாலும் ஆண்டுக்கு 8,760 யூனிட் ஆகிறது!

அப்புறம் ஒரு நாள் இரவு, தளம் தளமாக நடந்து பாருங்கள். என்றோ ஒரு மாலைக் கூட்டத்துக்காக டைமரிலிருந்து மேனுவலுக்கு மாற்றி, அப்படியே விட்டுவிட்ட ஏசிதான் பெரும்பாலும் முதலில் அகப்படும். கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன், கார் நிறுத்தத்தின் காற்றோட்ட ஃபேன், வெந்நீர் பம்ப் எல்லாம் அடுத்து வரும். இவற்றை நிறுத்தப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஏசி ஃபேன் மோட்டாருக்கு விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போடலாமா?

போடலாம், வேகத்தைக் குறைத்து ஓட்டுவதாக இருந்தால். ஃபேனின் வேகம் 80 சதவீதமானால், அது இழுக்கும் மின்சாரம் கணக்குப்படி ஏறக்குறைய 51 சதவீதமாக இறங்கும். நடைமுறையில் சேமிப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். எப்போதும் முழு வேகத்தில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் பலன் இல்லை. அந்தக் கருவியும் கொஞ்சம் மின்சாரம் தின்னும்.

கெபாசிட்டர் வைத்தால் யூனிட் பாதியாகும் என்கிறாரே விற்பனையாளர்?

ஆகாது. பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைந்தால் அபராதமோ, கேவிஏ (பயன்படாத பங்கையும் சேர்த்த மொத்த அளவு) கணக்கில் கட்டணமோ உங்களுக்கு இருந்தால் அந்தத் தொகை குறையும். யூனிட்டில் பெரிய மாற்றம் வராது.

ஒரு பக்கம் நடுங்குகிறார்கள், இன்னொரு பக்கம் வியர்க்கிறது. தெர்மோஸ்டாட்டை இன்னும் குறைக்கட்டுமா?

வேண்டாம். அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். வெயில் படும் சுவரிலோ பிரின்டருக்குப் பக்கத்திலோ இருந்தால், அந்தச் சூட்டை அறையின் சூடாக எண்ணி, எல்லோரையும் குளிரவைக்கும். அடுத்து அழுக்கு ஃபில்டர், இறுகி நின்ற டேம்பர் (குழாயில் வரும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு). குளிர் நாடுகளில் ஒரே தளத்தில் ஹீட்டரும் ஏசியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதும் உண்டு. இரண்டிலும் செட் செய்த வெப்பநிலைகளுக்கு இடையே ஓரிரு டிகிரியாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.