தடை ஓட்டத்துக்கு ஸ்டாமினா ஏற்ற, வாட்ச் காட்டும் இதயத் துடிப்பு ஸோன்களை நம்பலாமா?

கேட்டவருக்கு வயது நாற்பதை ஒட்டி. இன்னும் மூன்று மாதத்தில் 10 கி.மீ. தடை ஓட்டம், அதாவது வழியில் சுவர் ஏறி, கம்பியில் தொங்கி, முள்கம்பிக்கு அடியில் தவழ்ந்து ஓடும் போட்டி. பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்குகிறது, வாட்ச் சொல்லும் ஸோன் 2-இல் (மெதுவான ஓட்டத்துக்கான துடிப்பு எல்லை) இருக்க வேண்டுமென்றால் நடக்கத்தான் முடிகிறது என்கிறார். மூன்று மாதம் போதுமா என்றும் கேட்கிறார்.

நம்பலாம். ஆனால் அந்த வாட்ச் உங்கள் உச்சத் துடிப்பாக எந்த எண்ணை வைத்திருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். 220-இலிருந்து உங்கள் வயதைக் கழித்தால் வரும் எண்ணாகத்தான் அநேகமாக இருக்கும். நீங்கள் பிறந்த தேதியைத் தவிர அதற்கு வேறென்ன தெரியும்?

இந்தக் கழித்தல் கணக்கின் மேல் எனக்குச் சொந்தக் கோபம் உண்டு. எனக்கு வயது 44. கணக்குப்படி உச்சம் 176. ஜிம்மில் ஒரு நாள் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கும்போது 188 காட்டியது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பயிற்சியாளர் ஓடி வந்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "மேடம், உங்க வயசுக்கு இது டேஞ்சர், இதெல்லாம் இனிமே வேண்டாம், யோகா பண்ணுங்க." பக்கத்திலேயே என் வயதுள்ள ஒருவர் முகம் சிவக்க அதே மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் யோகா பற்றிப் பேசவில்லை.

மருத்துவரிடம் போனேன். டிரெட்மில்லில் ஓடவிட்டு இசிஜி எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. "அந்தக் கணக்கு சராசரிக்குத்தானே, உங்களுக்கு இல்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். 220 கழித்தல் வயது என்பது அதற்கென்றே ஓர் ஆய்வு நடத்திக் கண்டுபிடித்த சூத்திரம் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும், அதுவரை வெளிவந்திருந்த பழைய ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவில் உத்தேசமாக இழுத்த கோடு. 2001-இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் நிறைய பேரின் தரவுகளை வைத்து 208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது என்று திருத்தினார்கள். நாற்பதை ஒட்டிய வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தரும். எந்தச் சூத்திரமானாலும், ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலே கீழே இருப்பது சாதாரணம். அதைவிடத் தள்ளி நிற்பவர்களும் உண்டு. நான் அந்த ரகம்.

என் உச்சத்தை ஒரு மேட்டில் கண்டுபிடித்தேன். நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மூன்று நிமிடம் பிடிக்கிற ஏற்றத்தில் சில தடவை ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட வேகமாக, கடைசி ஏற்றத்தில் கையில் இருப்பதை எல்லாம் கொட்டி. அப்போது தெரிகிற மிகப் பெரிய எண்தான் உங்கள் உச்சம். எனக்கு 191 வந்தது.

"வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருப்பவர்களை எல்லாம் மாரடைப்புக்கு அனுப்புகிறாயா" என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் இல்லை, சான்றிதழ் வாங்கிய பயிற்சியாளரும் இல்லை. நெஞ்சு வலி, தலைசுற்றல், ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் இளவயதில் இதய நோய் என்று எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் இந்த மேட்டுப் பக்கம் போகாதீர்கள். பீட்டா பிளாக்கர் என்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, இந்தக் கணக்குகள் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

உச்சம் கிடைத்ததும், காலையில் கண் விழித்தவுடன் இருக்கும் ஓய்வுத் துடிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்திலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தில் 60 முதல் 70 சதவீதம் எடுத்து, மறுபடி ஓய்வுத் துடிப்பைக் கூட்ட வேண்டும். கார்வோனன் முறை என்பார்கள். என் ஓய்வுத் துடிப்பு 58. வாட்ச் நினைத்துக்கொண்டிருந்த 176-ஐ வைத்தால் என் மெதுவான ஓட்டம் 129-க்கும் 141-க்கும் நடுவில் இருக்க வேண்டும். உண்மையான 191-ஐ வைத்தால் 138-க்கும் 151-க்கும் நடுவில். பத்துத் துடிப்புதானே என்று தோன்றும். எனக்கு 135-இல் நடைதான், 148-இல் ஆற அமர ஓட்டம். நீங்கள் நடக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உச்சம் சரியாக இருந்தும் நடக்கத்தான் வேண்டியிருக்கிறது என்றால் கூச்சப்படாமல் நடங்கள். சில வாரங்களில் அதே துடிப்பில் கால்கள் ஓட ஆரம்பித்துவிடும். எண்ணில் சந்தேகம் வந்தால் வாய் விட்டுப் பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் தடைபடாமல் வந்தால் சரியான வேகம்.

மெதுவாக ஓடி எப்படி ஸ்டாமினா வரும் என்று அந்தப் பயிற்சியாளர் சிரித்தார். தடை ஓட்டத்தில் சுவர் ஏறுவதற்கோ வாளி தூக்குவதற்கோ துடிப்பு எப்படியும் மேலே போகும், அதைத் தடுக்க முடியாது. அடுத்த தடைக்குள் அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதில்தான் ஓட்டம் இருக்கிறது. இறக்கிவிடுவது பிராணவாயுவை வைத்து வேலை செய்யும் அமைப்பு. அதை வளர்ப்பது நீண்ட, மெதுவான ஓட்டம்: ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறது, தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுகிறது. அதனால் வாரத்தில் பெரும்பகுதி மெதுவாகத்தான் ஓடுகிறேன். ஒரு நாள் மட்டும் கடுமை: உச்சத்தில் 90 முதல் 95 சதவீதத்தில் 4 நிமிடம், நடுவில் 3 நிமிடம் மெதுவாக, இப்படி 4 சுற்று. துடிப்பு அந்த அளவுக்கு ஏறவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், முதல் நிமிடத்திலேயே எண்ணைத் துரத்தாதீர்கள்.

இன்னொரு நாள் ஓட்டத்தையும் தடையையும் கலக்கிறேன். 170 வரை ஏற்றிவிட்டு உடனே கம்பியில் தொங்குவது. பிடி தளர்வதுதான் மங்கி பாரில் (தலைக்கு மேல் இருக்கும் கம்பிகளில் தொங்கித் தாவும் தடை) நிறைய பேரைக் கீழே தள்ளுகிறது. இறுகப் பிடித்தபடியே மூச்சை அடக்கிக்கொண்டால் ரத்த அழுத்தமும் துடிப்பும் இன்னும் ஏறும். போட்டியில் தொங்கும் தடை கண்ணில் பட்டதும் நான் நடக்க ஆரம்பித்துவிடுவேன், பின்னால் வருபவர்கள் என்ன சொன்னாலும் சரி. ஸ்பார்டன் ரேஸ் மாதிரி போட்டிகளில் ஒரு தடையில் விழுந்ததற்கு 30 பர்ப்பி (தரையில் படுத்து எழுந்து குதிப்பது) போட வைத்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு, அரை நிமிட நடை எவ்வளவு மலிவு என்று புரியும்.

போட்டி என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பதிவு செய்யும்போது டிஷர்ட் அளவு கேட்டு, அதைக் கட்டாயம் நிரப்பச் சொல்லி, கடைசியில் மிச்சம் இருக்கும் ஆண்கள் அளவு எக்ஸ்எல்லைக் கையில் திணிக்கிறார்களே, எதற்கு அந்தக் கேள்வி? பெண்கள் வருவது இவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாகவே இருக்கிறது. சரி, விடுங்கள்.

வாட்ச் விஷயம். மணிக்கட்டில் கட்டும் வாட்ச் ஒளியை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. கம்பியை இறுக்கிப் பிடித்தால், மணிக்கட்டை மடக்கினால், குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் அது உளறும். சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் கால் வைக்கும் தாளத்தை எண்ணிக் காட்டும். பயிற்சிக்குத் துடிப்பை அளக்கும் மார்புப் பட்டை, இல்லையென்றால் மேல் கையில் கட்டும் பட்டை வாங்குங்கள். வெயில் நாளில் அதே வேகத்துக்குத் துடிப்பு தானாக மேலே நகரும், அன்று எண்ணைக் காப்பாற்றி வேகத்தை விட்டுவிடுங்கள். காலை ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் அன்று கடுமையான பயிற்சி வேண்டாம்.

மூன்று மாதம் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 10 கி.மீ. முடிக்கப் போதும், பரிசு வாங்குவது பற்றி எனக்குத் தெரியாது. கடைசி வாரம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். போட்டி அன்று மார்புப் பட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முள்கம்பிக்கு அடியில் தவழும்போது அது இடுப்புக்கு இறங்கிவிடும், சேற்றுக் கையால் அதை மேலே இழுத்துக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது.