கம்ப்யூட்டர் சப்போர்ட் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்குமா?

கீழக்கரைப் பக்கம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: காம்ப்டியா ஏ பிளஸ் (கம்ப்யூட்டர் ரிப்பேர், சப்போர்ட் வேலைக்கானது), சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனி தரும் நெட்வொர்க் சான்றிதழ்) மாதிரி சான்றிதழ்களால் வேலைக்கு உதவி உண்டா, இல்லை காசுக்குக் கேடா?

ராமநாதபுரத்தில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிறவன் நான். எந்த ஊரில் வேலை தேடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

நம்ம கரையோரத்தில் சான்றிதழை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ராமேஸ்வரம் லாட்ஜோ, மண்டபம் ஐஸ் பிளான்டோ, தொண்டி மளிகைக்கடையோ, "பில் பிரிண்டர் ஓடலை, சீக்கிரம் வாங்க" என்பதுதான் போன். வேலையும் உள்ளூருக்கே உரிய வேலை. உப்புக்காற்றில் ரேம் முனை கருத்துப்போகும், மதர்போர்டில் பச்சை பூக்கும். சிஸ்டம் ஆன் ஆகும், ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் முனையை மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி மாட்டினால் பல நேரம் அதோடு சரியாகிவிடும். லாட்ஜ்காரர் உங்கள் நம்பரைப் பக்கத்து லாட்ஜுக்குக் கொடுப்பார். இங்கே அதுதான் சிபாரிசு.

சென்னை, கோவை, துபாய் என்றால் கதை வேறு. உங்களை நேரில் பார்க்காதவர் ரெஸ்யூமை மட்டும் வைத்துக் கழிக்கிறார். அனுபவம் இல்லாதவருக்கு அந்த இடத்தில் சான்றிதழ் கை கொடுக்கும். துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) மூலமாக சிவி போனாலும் ஹெச்.ஆர். சும்மா விடமாட்டார், காம்ப்டியா, சிஸ்கோ சான்றிதழ் என்றால் ஆன்லைனிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இன்டர்வியூ வரைக்கும்தான் அது கூட வரும். "யூசருக்கு நெட் வரலை, ஐபி 169.254 என்று ஆரம்பிக்கிறது, என்ன செய்வீங்க?" என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்தவர் "ஏபிபா" (சிஸ்டம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் முகவரி) என்று பெயர் சொல்லி நிறுத்திக்கொள்வார். வேலை பார்த்தவர், நெட்வொர்க்கில் ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியிடமிருந்து முகவரி வரவில்லை என்று சொல்லி, கேபிள், சுவிட்ச் போர்ட், பக்கத்து சிஸ்டத்திலும் இதே கதையா என்று வரிசையாகப் போவார். கேள்வித்தாள் டம்ப் (தேர்வில் வந்த கேள்வி-பதில் தொகுப்பு) வாங்கிப் பாஸ் செய்தவர்கள் மாட்டுவது இங்கேதான்.

இன்னொன்று, இன்ஸ்டிட்யூட் கொடுக்கிற டிப்ளமோவும் கம்பெனியே தேர்வு வைத்துத் தரும் சான்றிதழும் ஒன்றல்ல. எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் எம்சிஎஸ்இ (மைக்ரோசாஃப்ட்டின் பழைய சான்றிதழ்) என்று சொல்லிப் பணம் கட்ட வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது! பணம் கட்டும் முன் தேர்வு எண்ணைக் கேளுங்கள். சிசிஎன்ஏ என்றால் 200-301. ஏ பிளஸ் என்றால் இரண்டு தேர்வு, 220-1201, 220-1202. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். சிசிஎன்ஏ, ஏ பிளஸ் இரண்டுமே 3 வருஷத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் நிலையில் நான் என்றால் ஏ பிளஸை விட்டுவிட்டு சிசிஎன்ஏ பக்கம் போவேன். ஏ பிளஸில் இருப்பதில் பாதியை இங்கே ஒரு சர்வீஸ் கடையில் ஆறு மாதம் உட்கார்ந்தால் சம்பளத்தோடு கற்கலாம். சம்பளம் டீக்காசு அளவில்தான் இருக்கும், அது வேறு விஷயம். நெட்வொர்க் அப்படி இல்லை, கடையில் ரூட்டிங் கற்றுத்தர ஆள் கிடையாது. நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழகும் மென்பொருளான சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம், பழைய லேப்டாப்பிலேயே ஓடும். அதில் கை பழகிய பிறகு தேர்வுக்குப் பணம் கட்டினால் போதும்.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்பார்கள். நம்ம ஊர் கரன்ட்டை நம்பி அந்த வேலை வேண்டாம், சென்டருக்குப் போய் எழுதுங்கள்.