1575 எலிசபெத் நாணயம்: ஷில்லிங்கா, போலியா?

வணக்கம் நண்பரே. ஷில்லிங் (பன்னிரண்டு பென்ஸ் மதிப்புள்ள பழைய இங்கிலாந்து வெள்ளி நாணயம்) என்று சொல்லி உங்களுக்கு விற்ற நாணயம் 2.8 கிராம்தான் இருக்கிறது, வட்டமும் கோணல், அதனால் போலியோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட படங்களைப் பார்த்தேன். இது ஷில்லிங்கே இல்லை, அதில் பாதி மதிப்புள்ள ஆறு பென்ஸ் நாணயம்.

ராணியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜா, மறுபக்கம் கேடயத்துக்கு மேல் ஆண்டு. முதலாம் எலிசபெத்தின் ஷில்லிங்கில் இந்த இரண்டுமே கிடையாது. ஆறு பென்ஸுக்கு அன்றைய சட்டப்படி எடை ஏறத்தாழ 3.1 கிராம். நானூற்றைம்பது வருடத் தேய்மானத்துக்கு அப்புறம் 2.8 இருந்தால் நல்ல நிலைதான்.

வட்டம் கோணலாக இருப்பதும் இயல்பே. தகட்டை வெட்டி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து, சுத்தியலால் அடித்தார்கள். விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவதும் அப்போது சகஜம். ஓரத்தைச் சுற்றி மணிமணியாகப் புள்ளிகள் வைத்த வளையம் உங்கள் நாணயத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள், சுரண்டியிருந்தால் அதில் தெரியும்.

எனக்கு நம்பிக்கை தருவது நாணயத்தைச் சுற்றிவரும் எழுத்து வரிசையின் தொடக்கத்தில் உள்ள சின்ன ஐந்திதழ்ப் பூ. அது நாணயச்சாலைக் குறி, அதாவது எந்தக் காலத்தில் அடித்தது என்று காட்ட நாணயச்சாலை வைத்த அடையாளம்; 1575க்குப் பொருந்துகிறது. இனி லென்ஸ் வைத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்புப் போலிகளில் அங்கே ஒட்டுக்கோடு தெரியும், பரப்பில் நுண்குழிகள் இருக்கும்.

தயவுசெய்து எலுமிச்சை, பற்பசை என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளியில் காலப்போக்கில் படிந்த கருமை போனால் மதிப்பும் போய்விடும். விளிம்பை மட்டும் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.